தூங்குகிறவளைக் காவலுக்கு வைத்தவர்கள்

என் மகள் கீர்த்திக்குக் கை முறிந்த அன்று, அதே வீட்டில், பின்னறையில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. நகரியில் எங்கள் தெருவுக்கே தெரியும். தெரியாமல் விட்டுப்போன ஒன்றிரண்டு பேருக்கும் என் நாத்தனார் கன்னிகா புத்தூரிலிருந்து போன் போட்டுச் சொல்லிவிட்டார். வீட்டார் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. நான் தூங்கவில்லை, தூங்குவதுபோல நடித்தேன் என்றார்கள். அந்த வார்த்தைக்காகத்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது தறி வீடு. முன்கூடத்தில் நாலு பவர்லூம், அதற்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் ஓர் அறை. தறி ஓடும்போது வீட்டுக்குள் பேச்சு நடக்காது. சோறு வேண்டுமென்றால் கையைக் குவித்துக் காட்டுவார்கள், போதுமென்றால் விரித்துக் காட்டுவார்கள். நான் சத்தியவேடு பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்தச் சத்தத்தில் மனுஷர் எப்படித் தூங்குவார்கள் என்று மலைத்துப்போனேன். சீக்கிரமே பழகிவிட்டது. பழகின பிறகு எல்லாம் தலைகீழ். தறி ஓடினால்தான் தூக்கம் வரும், நின்றால் தூக்கம் கலைந்துவிடும். நடு ராத்திரியில் கரண்ட் போனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஆள் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். விருந்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் மட்டும் அப்போதுதான் நிம்மதியாகப் புரண்டு படுப்பார்கள்.

என் மாமியார் தாட்சாயணி இதை ஒரு சட்டம்போலவே வைத்திருந்தார். இந்த வீட்டில் யாரையும் தொட்டு எழுப்ப வேண்டியதில்லை, மெயின் சுவிட்சை இறக்கினால் போதும், எறும்புகூட எழுந்துக்கும் என்பார். என் கணவர் தனசேகர் படிக்கிற காலத்தில் பரீட்சைக்கு அவரை அப்படித்தான் எழுப்புவாராம்.

நான் ரேணிகுண்டா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். செல்போனுக்குள் வைக்கிற சின்னக் கேமராவைப் பெரிதாக்கிக் காட்டும் திரையில் பார்த்து, தூசு கீறல் இருந்தால் ஒதுக்குகிற வேலை. கண்ணுக்கு வேலை, கவனத்துக்கு வேலை. எனக்கு அது பிடிக்கும். அந்த லைனில் என்னை லீடராகப் போடப் பேசிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி ஷிப்ட். நன்றாக இருட்டின பிறகு கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், விடிந்து கொண்டுவந்து விடும். வந்து சமைத்து, கீர்த்தியைக் குளிப்பாட்டி அங்கன்வாடிக்கு அனுப்பிவிட்டுப் படுப்பேன். மதியம் அவள் திரும்பி வரும்போது மாமியார் பார்த்துக்கொள்வார். அவர் அதில் குறை வைத்ததில்லை. கீர்த்திக்கு நாலு வயசு. ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை.

அந்த வெள்ளிக்கிழமை தனசேகர் மோட்டார் சாமான் வாங்கத் திருத்தணிக்குப் போயிருந்தார். தறியை ரங்கையா ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் எங்களிடம் பல வருஷமாக வேலை செய்கிறவர். மதியம் லைன் வேலை என்று கரண்டை எடுத்துவிட்டார்கள். தறி நின்றதும் ரங்கையா சாப்பிட வீட்டுக்குப் போனார். மாமியாருக்கு டுவாக்ரா மகளிர் குழு மீட்டிங்கில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கீர்த்தி கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் பின்னறையில் படுத்திருந்தேன். கரண்ட் போய்விட்டது, இவள் இந்நேரம் எழுந்திருப்பாள் என்று மாமியார் நினைத்தார். நினைத்து, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை.

கீர்த்தி நூல் மூட்டைகள்மேல் ஏறியிருக்கிறாள். மேல் மூட்டை சரிந்திருக்கிறது. சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது பக்கத்து வீட்டுச் செல்வி. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினபோதுதான் நான் கண்ணைத் திறந்தேன். இடது மணிக்கட்டு ஒரு பக்கமாய்த் திரும்பியிருந்தது. கீர்த்தி அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு இருந்ததை இங்கே எழுதப்போவதில்லை. அது என்னோடு இருக்கட்டும்.

புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலும்பு முறிவுக்கு எங்கள் பக்கத்தில் வேறெங்கும் போகிற வழக்கமில்லை. கட்டுப் போட்டு, சேர்ந்துவிடும், பயப்பட வேண்டாம் என்று அனுப்பினார்கள். கன்னிகா அண்ணியின் வீடும் அங்கேதான். அவரும் கட்டுப் போடுகிற இடத்துக்கே வந்துவிட்டார். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே மாமியாரிடம் விவரம் கேட்டார். மாமியார் சொன்னார். சொல்லி முடிக்கும்போது, கரண்ட் போயிக்கூட இவ எழுந்துக்கலயே கன்னிகா என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அங்கேதான் அந்த வார்த்தை வந்தது.

"கரண்ட் போயி எழுந்துக்காத ஆளு நம்ம வீட்ல உண்டா?" என்றார் அண்ணி. "எழுந்திருப்பா. எழுந்தா பிள்ளையப் பாக்கணும்னு கண்ண மூடிக்கினு கெடந்திருப்பா. நடிப்பு."

மாமியார் அதை மறுக்கவில்லை. மறுத்தால், அப்படியானால் நீ எதை நம்பிக் குழந்தையை விட்டுவிட்டுப் போனாய் என்ற கேள்வி அவரிடம் வரும். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை, பிறகுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சு நீண்டது. முடிவாக அண்ணி சொன்னது இது: நான் வேலையை விட்டுவிட வேண்டும். விட மாட்டேன் என்றால் கீர்த்தி புத்தூரில் அவரோடு இருக்கட்டும், அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். அண்ணியின் மகன் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். வீடு வெறிச்சென்று இருக்கிறது. கீர்த்தி மேல் அவருக்கு உயிர். அதில் பொய்யில்லை. அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். தனசேகர் கொஞ்ச நாளைக்குத்தானே என்று என்னைப் பார்த்தார். நான் இரண்டுக்கும் முடியாது என்றேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. தறி ஓடிக்கொண்டிருக்கும்போது சொன்னதுபோல ஆயிற்று.

அதற்குப் பிறகு ஒரு கூத்து நடந்தது. நான் நடிக்கிறேனா என்று வீட்டில் ஆளாளுக்குச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். பகலில் நான் தூங்கும்போது மாமியார் தாம்பாளத்தைக் கீழே போடுவார். அண்ணி போனில் சொல்லிக்கொடுத்தது. ஒரு நாள் தாம்பாளம் என் தலைமாட்டிலேயே விழுந்ததாம், நான் அசையவில்லையாம். அடுத்த நாள் தறி நின்றிருந்த நேரம் அவர் கதவோரம் நின்று வெற்றிலையைக் கிழித்தாராம், அந்தச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேனாம். தாம்பாளத்துக்கு எழுந்துக்காதவ வெத்தலைக்கு எழுந்துக்குறா, இதுக்குமேல இன்னா சாட்சி வேணும் என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறார். செல்வி என்னிடம் வந்து சொல்லிவிட்டு, "எனக்கும் கொஞ்சம் சந்தேகமாத்தான்மே இருக்குது" என்றாள். நல்ல சிநேகிதி.

எனக்குள்ளேயும் பயம் இருந்தது. எனக்கு என்ன ஆயிற்று? பெற்ற பிள்ளை அழுததைக் கேட்காத காது என்ன காது? இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் யாரோடும் சண்டை போடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

கம்பெனியில் ஷிப்ட் ஆட்களின் பகல் தூக்கத்தைப் பற்றித் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிறார்கள், விருப்பமிருக்கிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று முன்பே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பெயர் கொடுத்தேன். அந்த வாரமே கூப்பிட்டார்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே திருப்பதிக்குப் போனேன். காலை வெயிலில் பஸ் ஸ்டாண்டு முழுக்க மொட்டைத் தலைகள். எல்லாரும் சாமி பார்த்துவிட்டு வந்து அங்கங்கே தரையில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மைக்கில் விடாமல் பஸ் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் அசையவில்லை. இவர்களை எந்த மாமியார் கேட்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் பெயர் அகிலா. சித்தூர்க்காரர். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார், எனக்கு அது சொந்த ஊர்ப் பேச்சு. என் தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பசை வைத்து ஒயர்களை ஒட்டினார்கள். கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர். தூங்கும்போது அவ்வப்போது ஒரு சத்தம் வரும், சிலது சின்னதாக, சிலது பெரிதாக, நீங்கள் எதையும் பொருட்படுத்த வேண்டாம் என்றார்கள். ராத்திரியெல்லாம் திரையைப் பார்த்த கண். அந்தப் புது இடத்திலும் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன்.

எழுந்த பிறகு, எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலைக் கதைக்கு அவர் சிரித்தார். கீர்த்தியின் கையைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

திரையில் வரிவரியாகக் கோடுகள் போய்க்கொண்டிருந்தன. அதெல்லாம் என் மூளை தூக்கத்தில் எழுதினது என்றார். நடுநடுவே கோடு நெருக்கமாக அதிர்ந்து, மெல்லிசாகத் தொடங்கி நடுவில் பருத்து மறுபடி மெலிந்து முடிந்தது. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றினால் அப்படித்தான் இருக்கும், இரண்டு முனையும் ஒல்லி, வயிறு பருமன். அதைச் சொன்னேன். இதுக்குப் பேரே ஸ்பிண்டில்தான், நூல் சுத்துற கதிர்னு அர்த்தம் என்று அவர் சந்தோஷப்பட்டார். வெளிச் சத்தம் மூளையின் மேல்பகுதிக்குப் போகிற வழியில் ஒரு வாசல் இருக்கிறதாம். இந்த ஸ்பிண்டில் வருகிற நேரத்தில் அந்த வாசல் பெரும்பாலும் சாத்தியிருக்கும், சத்தம் காதுக்குள் வந்தாலும் ஆளை எழுப்பாது. ஸ்பிண்டில் ஒரே சீராக வருவதில்லை. கொஞ்ச நேரம் அடுக்கடுக்காக வரும், அப்போது தூக்கம் கெட்டியாக இருக்கும். பிறகு குறைந்துபோகும். அப்போது தூக்கம் மெலிந்து, உடம்பு அக்கம்பக்கம் ஆபத்து உண்டா என்று லேசாக எட்டிப் பார்க்கும். மறுபடி அடுக்கடுக்காக வரும். ஏறி இறங்கி வர ஒரு நிமிஷம்கூட ஆகாது. தூக்கம் நெடுக இப்படியே மாறி மாறி நடக்கும்.

பிறகு இரண்டு இடத்தைக் காட்டினார். ஒன்றில் பெரிய சத்தம் போட்டிருக்கிறார்கள், ஸ்பிண்டில் அடுக்கியிருந்த நேரம், நான் பாட்டுக்குத் தூங்கியிருக்கிறேன். இன்னொன்றில் கிசுகிசுப்பு மாதிரி ஒரு சத்தம், ஸ்பிண்டில் குறைந்திருந்த நேரம், கோடெல்லாம் குலைந்து எழுந்தே விட்டேன்.

தாம்பாளமும் வெற்றிலையும்.

"பிள்ளை அழுதது எப்படி மேடம் கேக்காம போவும்?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சொந்தப் பிள்ளையின் குரல் மற்ற சத்தத்தைவிடச் சுலபமாக உள்ளே போகும், ஆனால் எல்லா நேரமும் போகும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது என்றார் அவர். ராத்திரி விழித்தவர்களுக்குத் தூக்கம் ஆழமாக இருக்கும், அதில் இன்னும் கஷ்டம். கரண்ட் நின்றதும் அப்படித்தான். நின்ற அந்தக் கணம் கெட்டியான பக்கத்தில் விழுந்திருந்தால் தெரிந்திருக்காது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் எழுந்திருப்பேன். இதில் இன்னும் தெரியாதது நிறைய என்றும் சொன்னார். கடைசியில் சொன்னதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"இது உங்க அன்புலயும் இல்ல, சோம்பேறித்தனத்துலயும் இல்லம்மா. தூங்குறப்போ எந்தச் சத்தத்துக்கு எழுந்துக்கணும்னு முடிவு பண்றது நீங்க இல்ல. எனக்கும் அப்படித்தான், உங்க அத்தைக்கும் அப்படித்தான்."

வேண்டுமானால் இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். இங்கிலீஷில் எழுதின காகிதத்தை என் நாத்தனார் இவளே எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள் என்பார். அதோடு, எனக்கு அதில் இஷ்டமும் இல்லை. நான் தூங்கினேன் என்பதற்கு எதற்குச் சான்றிதழ்? உங்க அத்தைக்கும் அப்படித்தான் என்று சொன்னாரே, பஸ்ஸில் வரும்போது அதையே பிடித்துக்கொண்டு யோசித்து வந்தேன்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்துவிட்டார். கீர்த்திக்குப் புது கவுன், ஒரு பை நிறைய முறுக்கு, மிக்சர். வந்த கையோடு அலமாரியைத் திறந்து குழந்தையின் துணிகளை எடுத்து மடித்து வைக்க ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. ஆட்டுக்கறி எடுத்து வந்திருந்தார்கள், குழம்பு வைத்தேன். எல்லாரும் நன்றாகத் தின்றார்கள். வெயில் சாய்ந்ததும் கிளம்பலாம் என்று பேச்சு. சாப்பிட்ட அசதியில் மாமியார் பின்னறையில் பாயைப் போட்டுப் படுத்தார். ரங்கையா தறியை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வாரம் துணி அனுப்ப வேண்டியிருந்ததால் ஞாயிறும் ஓட்டம்தான்.

மாமியாரின் மூச்சு சீராக வரும்வரை பொறுத்திருந்தேன். பிறகு அண்ணியையும் தனசேகரையும் கையசைத்துப் பின்னறை வாசலுக்குக் கூப்பிட்டு, அண்ணியின் காதோரம் குனிந்து, மெயினை இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. தனசேகருக்கு வேறு கவலை. எல்லாத் தறியையும் ஒரே அடியாக நிறுத்தினால் திரும்பத் தொடங்குகிற இடத்தில் துணியில் கோடு விழும் என்று கையால் காட்டினார். விழட்டும் என்று நானும் கையால் காட்டினேன். இந்த வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் முதல் தடவை அவர் கையைப் பிடித்துத் தள்ளினேன்.

அண்ணி என் காதில் வாயை வைத்து, அம்மா எழுந்துவிட்டால் பிள்ளையை அனுப்புகிறாயா என்று கேட்டார்.

"பிள்ளையப் பந்தயம் கட்டுறவ நான் இல்ல அண்ணி. அவங்க எழுந்துக்கினாலும் அனுப்ப மாட்டேன், எழுந்துக்கலன்னாலும் அனுப்ப மாட்டேன். நீங்க பாக்கணும், அவ்ளோதான்."

கூடத்துக்குப் போய் மெயினை நானே இறக்கினேன். தறிகள் நாலும் இழுத்துக்கொண்டு நின்றன. ரங்கையா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வீடு முழுக்க ஓசை வடிந்து, தெருவில் யாரோ பைக்கை உதைக்கிற சத்தம் உள்ளே வந்தது.

மாமியார் டக்கென்று எழுந்து உட்கார்ந்தார். "இன்னாடா, கரண்ட் பூட்சா?"

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்புகூட இல்லை, அவ்வளவு நிச்சயம். தனசேகர், பியூஸ் போட்டுக்கினு இருக்கோம், நீ படும்மா என்றார். மாமியார் கொட்டாவி விட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மெயினை ஏற்றினேன். தறி ஓடியது.

"பாத்தியா?" என்று அண்ணி வாயசைத்தார்.

பார்த்தேன். டாக்டரம்மா சொன்னதில் இதுவும் அடக்கம்தான், சில நேரம் எழுவார்கள். ஆனால் அதை இப்போது வாயால் சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும். கீர்த்தியின் துணிப்பை கட்டிலின்மேல் வாய் கட்டி இருந்தது. மாமியாரின் மூச்சு மறுபடி கனத்து, லேசாகக் குறட்டை தட்டும்வரை நின்றேன். தறிச் சத்தத்தில் குறட்டை கேட்காது, மூக்கு அசைவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு அண்ணியின் கையைப் பிடித்து மெயினிடம் கூட்டிக்கொண்டு போய்க் கைப்பிடியைக் காட்டினேன். இந்தத் தடவை நீங்க.

அவர் தயங்கவே இல்லை. தட்டென்று இறக்கிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாகப் பின்னறை வாசலுக்கு வந்தார்.

மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது குறட்டை எல்லாருக்கும் கேட்டது. அண்ணி காத்திருந்தார். இதோ இப்போது எழுவார் என்று எனக்கும்கூடத் தோன்றியது. எழவில்லை. அண்ணி மெதுவாக அம்மா என்றார். பிறகு கொஞ்சம் உரக்க, அம்மோவ் என்றார். ஒன்றுமில்லை. ரங்கையா வேலையை விட்டுவிட்டு எங்கள் பின்னால் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். தறி நின்றதைக் கவனித்துத் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த கீர்த்தி ஓடி வந்தாள். கட்டுப் போட்ட கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எங்கள் காலுக்கு நடுவே புகுந்து, பாயருகே போய் நின்றாள்.

"ஆயா, மிச்சர் குடு. ஆயா."

ஆயா எழவில்லை.

"ஆயா, கை வலிக்குது."

கை வலிக்கவில்லை, மிக்சருக்காகச் சொன்னாள். அப்படிச் சொன்னால் அந்த வாரமெல்லாம் கேட்டது கிடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அண்ணி ஓர் அடி பின்னால் வந்துவிட்டார். அவர் என் பக்கம் திரும்பவில்லை. தனசேகர் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை ஜன்னல் மேல் வைத்தார். மெல்லத்தான் வைத்தார். அந்தச் சத்தத்துக்கு மாமியார் கண் திறந்தார்.

வாசலில் நாங்கள் எல்லாரும் கும்பலாக நின்று தன்னைப் பார்ப்பதைக் கண்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். யாராவது செத்துட்டாங்களா, இப்படி நிக்கறீங்க என்றார். பிறகு தறி ஓடாததைக் கவனித்தார்.

"கரண்ட் எப்போ பூட்சி?"

ரங்கையாதான், அப்போவே போயிட்சிம்மா, பாப்பாகூட வந்து கூப்ட்டுப் பாத்துச்சு, நீங்க நல்லா தூங்கிக்கினு இருந்தீங்க என்றார். அவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உள்ளதைச் சொன்னார்.

மாமியாரின் முகம் மாறியது. மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"நான் எங்க தூங்குனேன்? சும்மா கண்ண மூடிக்கினு இருந்தேன்."

"அப்போ நடிச்சீங்களா அத்தே?"

கேட்டுவிட்டேன். ரங்கையாவுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். மாமியாரால் நடித்தேன் என்று சொல்ல முடியாது, பேத்தி கை வலிக்குது என்று கூப்பிட்டிருக்கிறாள். தூங்கினேன் என்று சொன்னால், இரண்டு வாரமாகச் சொன்னதெல்லாம் போயிற்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு கீர்த்தியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதற்காக நான் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணி அதோடு விட்டுவிடவில்லை. விடுகிறவரும் இல்லை. சரி, தூங்கினாய் என்றே இருக்கட்டும், அதனால் இன்னா ஆச்சு, நாளைக்கும் நீ இப்படித்தான் தூங்குவே, இவ மறுபடி மூட்டை மேல ஏறுவா, அப்போ யார் பொறுப்பு என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி.

"நாளைக்கும் தூங்குவேன். தெனமும் தூங்குவேன். ராத்திரியெல்லாம் வேலை செஞ்சவ பகல்ல தூங்கறதுக்கு யார்கிட்டயும் நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன் அண்ணி. தூக்கம் என் கையிலயும் இல்ல, அத்தை கையிலயும் இல்ல, இப்போ பாத்தீங்க. அன்னைக்கு வீட்ல முழிச்சிக்கினு இருந்தது யாரு? தூங்குறவளைக் காவலுக்கு வெச்சிட்டுப் போனது யாரு?"

தறி ஓடாத வீட்டில் நான் பேசினது கடைசி வார்த்தை வரைக்கும் எல்லாருக்கும் கேட்டது.

"நான் வேணும்னா செஞ்சேன்?" என்றார் மாமியார். கரண்ட் போச்சு, நீ எழுந்துக்குவேன்னு நினைச்சேன் என்றார்.

"வேணும்னு செஞ்சீங்கன்னு நான் சொல்லவே இல்லியே அத்தே. இன்னைக்கி வரைக்கும் சொல்லல. நீங்கதான் என்னை அப்படிச் சொன்னீங்க."

அப்போதுதான் தனசேகர் வாயைத் திறந்தார். அவர் அதிகம் பேசவில்லை. கட்டிலிலிருந்த துணிப்பையை எடுத்து முடிச்சை அவிழ்த்து, கவுன்களை ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தார். தப்பான தட்டில் வைத்தார், ஆனாலும் வைத்தார். இனிமேல் வீட்டில் முழித்திருக்கிறவர் வெளியே போனால் தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பி, உட்கார வைத்து, பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், அம்மா ஆனாலும் சரி, நான் ஆனாலும் சரி என்றார். நூல் மூட்டைகளை அன்றைக்கே ரங்கையாவும் அவருமாக மாடிக்கு ஏற்றினார்கள். இதை முதல் நாளே செய்திருக்கலாம். ஆளை நிறுத்திக் குற்றம் சாட்டுகிற வேகத்தில் மூட்டையை யாரும் நினைக்கவில்லை.

கன்னிகா அண்ணி நான் தப்பு சொல்லிவிட்டேன் என்று சொல்லவில்லை. சொல்வார் என்று நானும் காத்திருக்கவில்லை. கீர்த்தியை முத்தமிட்டு, கட்டு அவிழ்க்கிற நாளில் புத்தூருக்கு வரும்போது ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். கூட நானும் வருவேன் என்றேன். "நீ வந்தா வா, இன்னா, தூங்கத்தானே போறே" என்றார். அது கிண்டலா சமாதானமா தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்க வேண்டும்.

அவர் பஸ் ஏறப் போனதும் தறியை மறுபடி ஓட்டினார்கள். துணியில் இரண்டு இடத்தில் கோடு விழுந்திருந்தது. எனக்கு அன்றைக்கும் ஷிப்ட் இருந்தது, காலையிலிருந்து சமையல், விருந்து, சண்டை என்று கண்ணே மூடவில்லை. எல்லாரும் கூடத்தில் இருக்கும்போதே, மாமியார் எழுந்த அதே பாயில் போய்ப் படுத்தேன். கதவைச் சாத்தவில்லை. சாமி விளக்கு ஏற்றுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் வீட்டுப் பெண் படுக்கக்கூடாது என்பார்கள். படுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் என் காதில் விழவில்லை.

ஒரு கை என் தோளைப் பிடித்து உலுக்கியது. நல்ல பலமான கை. கண்ணைத் திறந்தால் மாமியார் கையில் மாவு டப்பாவோடு குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"மாவு மெஷினுக்குப் போறேன். பாப்பா ஒன் பொறுப்பு. எழுந்துட்டியா?"

"எழுந்துட்டேன் அத்தே."

அவர் நகரவில்லை. "எழுந்து உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். கீர்த்தியை என் மடியில் வைத்தார். அப்புறமும் வாசலில் நின்று என் கண்ணை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்.